அப்பாவுக்கு வாந்திபேதி வந்த அந்த நாட்கள்

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்து நாலைந்து நாள் இருக்கும். தாமிரபரணிக் கரையில் இருக்கிற எங்கள் ஊர்த் தெருவில் சேறுகூட முழுசாகக் காயவில்லை. விடியற்காலை 4 மணிக்கு அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போனார். 6 மணிக்குள் எட்டு தடவை போய்விட்டார், இரண்டு முறை வாந்தி. கடைசியில் போனது மலமே இல்லை. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. வயிற்றுவலி பெரிதாக இல்லை, காய்ச்சலும் இல்லை. அதனாலேயே நாங்கள் கொஞ்சம் அசட்டையாக இருந்துவிட்டோம்.

"தண்ணி குடுக்காதிய, குடுத்தா இன்னும்லா போவும்" என்றாள் ஆச்சி. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் பலர் இப்படித்தான் சொல்வார்கள். "பேதியில போவான்" என்று சர்வசாதாரணமாகத் திட்டுகிற ஊர் இது. வாந்திபேதியில் வீடு வீடாகச் செத்த காலம் அந்த வசவுக்குள் இருக்கிறது. ஆச்சி பயந்துதான் சொன்னாள். ஆனால் தண்ணீரை நிறுத்துவதுதான் ஆளைக் கொல்லும்.

நானும் ஒரு தப்புச் செய்தேன். 1 லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பாக்கெட்டைப் பிரித்து ஒரே டம்ளரில் கரைத்துக் கொடுத்துவிட்டேன். அவ்வளவு கெட்டியாக இருந்தால் அது குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாக்கெட் இல்லையென்றால் கொதித்து ஆறின 1 லிட்டர் தண்ணீருக்கு, தலைதட்டின டீஸ்பூனால் சர்க்கரை 6, உப்பு அரை.

7 மணிக்கு அப்பாவின் குரல் கம்மிப்போனது. கண் உள்ளே போய்விட்டது. புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டேன். மடிப்பு அப்படியே நின்று மெல்லத்தான் இறங்கியது. கெண்டைக்கால் சதை பிடித்து இழுத்தது. அப்புறம் யோசிக்கவில்லை, 108-ஐக் கூப்பிட்டோம்.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாரு?" டாக்டர் முதலில் கேட்டது இதுதான். ராத்திரிக்குப் பிறகு போகவே இல்லை. இரண்டு கையிலும் ஊசி போட்டார்கள். நாம் குளுக்கோஸ் என்று சொல்வோமே, இது அது இல்லை, ரிங்கர் லாக்டேட், உடம்பு இழந்த உப்புகள் கலந்த திரவம் என்றார் நர்ஸம்மா. கிலோவுக்கு 100 மி.லி. கணக்கு. அப்பா 60 கிலோ, அதனால் 3 மணி நேரத்தில் 6 லிட்டர். அரை லிட்டர் பாட்டில் 12. ஒவ்வொன்றும் காலியாகும்போது எண்ணிக்கொண்டே நின்றேன். நாலாவது ஏறும்போது மணிக்கட்டில் நாடி கைக்குத் தட்டுப்பட்டது. 11 மணி சுமாருக்கு "ஒண்ணுக்கு வருது" என்றார் அப்பா. அம்மா அழுதேவிட்டாள்.

காலராவாக இருக்கும் என்று சந்தேகப்பட்டு, டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் 300 மி.கி. ஒரே வேளை கொடுத்தார்கள். குடிக்க முடிந்ததும் ஓ.ஆர்.எஸ். ஆரம்பித்தார்கள். போவது நிற்காமலே குடிக்கக் கொடுப்பது எப்படிச் சரியாகும் என்று கேட்டேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: காலராவின் நச்சு குடலைத் தூண்டி உப்பையும் தண்ணீரையும் கொட்டவைக்கும், ஆனால் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே போகிற வழியை அதனால் அடைக்க முடியாது, அந்த வழியில் தண்ணீரும் போய்விடும். 1971-ல் வங்காளத்து அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இதை நம்பித்தான் டிரம் டிரம்மாகக் கரைத்துக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர் செத்த இடத்தில் அது 4-க்கும் கீழே வந்தது. அன்றைக்கு முழுதும், ஒவ்வொரு தடவை போய்வந்த பிறகும், ஆச்சியே டம்ளரை நீட்டினாள்: "குடிச்சிரு யய்யா."

மலப் பரிசோதனை முடிவு மூன்றாம் நாள்தான் வந்தது. காலராக் கிருமி வளரவில்லை, வேறு ஏதோ குடல் கிருமி. அப்பா அதற்குள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். முடிவுக்காகக் காத்திருந்திருந்தால்? நினைக்கவே உடம்பு நடுங்குகிறது.

எங்கள் தெருக் குழாய் சாக்கடைக்குள்ளேதான் ஓடுகிறது. வெள்ளத்தில் ஜாயிண்ட் விட்டுப்போயிருந்தது. தண்ணீர் விடாத நேரத்தில் சாக்கடை உள்ளே ஏறியிருக்கிறது. சுகாதாரப் பணியாளர் வந்து எங்கள் குழாய்த் தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்து மருந்துச் சொட்டு விட்டார். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். நிறமே மாறவில்லை. சொல்லிச் சொல்லி ஒருவழியாகக் குழாயை மாற்றினார்கள். மறுபடி சோதித்தபோது குப்பி இளமஞ்சளானது. குளோரின் 0.2 பி.பி.எம்.முக்கு (லிட்டருக்கு 0.2 மி.கி.) மேல் இருக்கு என்றார் அவர். ஆனாலும் வீட்டில் இன்றைக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம்.