முள்ளோடைக்கு அந்தப் பக்கம்

28 மார்ச் 2020, சனி

கொரோனா ஊரடங்கு. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே முள்ளோடையில் எல்லையை அடைத்துவிட்டார்கள். நான் புதுச்சேரியில், அம்மா கடலூர் மஞ்சக்குப்பத்தில் தனியாக. அரை மணி நேர பஸ் பயணத்துக்கே வழியில்லை. சிங்கப்பூரில் இருக்கும் தம்பியும் நானும் அவளுக்கு இப்போது ஒரே தூரம். வீடியோ காலில் சாப்பாடு, மாத்திரை என்று நாலு வார்த்தை. அப்புறம் பேச எதுவும் வருவதில்லை.

2 ஏப்ரல், வியாழன்

அம்மா என் முகம் பார்த்துப் பேசவில்லையே என்று மனது சுருங்கியது. கேமரா திரைக்கு மேலே இருக்கிறது. அவள் பார்ப்பதோ திரையில் தெரியும் என் கண்ணை. அதனால்தான் குனிந்திருப்பதுபோல் தெரிகிறாள். குரலும் சற்றுப் பிந்தி வருவதால் இருவரும் ஒன்றாக ஆரம்பித்து ஒன்றாக நிறுத்துகிறோம். விளக்கிச் சொன்னேன். "அப்படியானால் நீ பேசி முடி, நான் தலையாட்டுகிறேன்" என்றாள்.

6 ஏப்ரல், திங்கள்

பிரதமர் கேட்டுக்கொண்டபடி நேற்று இரவு 9 மணிக்கு எல்லோரும் விளக்கு ஏற்றியபோது போனைத் தெருப்பக்கம் திருப்பினாள். எதிர்வீட்டு மாடியில் ஆட்கள் நின்றதைப் பார்த்ததே பெரிய ஆறுதல்.

10 ஏப்ரல், வெள்ளி

இன்று போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு, முறத்தோடு முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தாள். முகம் பாதிதான் தெரிந்தது. கை முழுதாகத் தெரிந்தது. காம்பைப் பிடித்து ஒரே இழுப்பில் இலையை உருவுவாள், பழுத்ததை விரல் நுனியால் ஓரம் தள்ளுவாள். நான் இங்கே பூண்டு உரித்தேன். வெகுநேரம் பேச்சே இல்லை. பிறகு அவளாகவே ஆரம்பித்தாள். இரவில் தூக்கமில்லையாம். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாளாம். யாராவது கதவைத் தட்டினால் திறக்கவே பயமாம். நேருக்கு நேர் கேட்டபோதெல்லாம் "எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன்" என்றவள் இவள்.

பெற்றவர்களைத் தனியே விட்டுத் தவிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: விசாரித்துக்கொண்டே இருக்காதீர்கள். கூட உட்கார்ந்து ஏதாவது வேலை செய்யுங்கள்.

14 ஏப்ரல், செவ்வாய்

சார்வரி ஆண்டு பிறந்தது. இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் மாங்காய்ப் பச்சடி கிளறினோம். ஊரடங்கு மே 3 வரை நீள்கிறது.

6 மே, புதன்

கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்களுக்குத் தொற்று. கடலூர் மாவட்டத்தில் எண்ணிக்கை கிடுகிடுவென ஏறுகிறது. கீரைக்காரம்மாவும் தெருவுக்கு வருவதில்லை.

வாட்ஸ்அப் வீடியோ காலில் ஒரே நேரத்தில் நாலு பேர் என்றிருந்த வரம்பு எட்டாகிவிட்டது. பெரியம்மா, சித்தி, தம்பி எல்லோரும் சேர்ந்தார்கள். ஒரே கலகலப்பு, அம்மாதான் வாய் திறக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் அவளை மட்டும் அழைத்தேன்.

"கிரைண்டர் போடப்போகிறேன், ஒன்றும் காதில் விழாது. போனை வைத்துவிடாதே" என்றாள்.