மாட்டர்ஹார்னில் அறுந்த கயிறு

டெல்டாவில் மலை என்றால் சுவாமிமலைதான்; அதுவும் அறுபது படியில் முடிந்துபோகிற கட்டுமலை. ஆனாலும் கோடை வந்தால் கும்பகோணம், மன்னார்குடிப் பையன்கள் பச்சைமலை, கொல்லிமலை என்று கிளம்புகிறார்கள். பந்தல் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் எட்வர்ட் விம்பரைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

1840இல் பிறந்த லண்டன்காரர். தொழில் மரச்செதுக்குப் படம். ஆல்ப்ஸை வரைய 1860இல் போனவரை மலை பிடித்துக்கொண்டது. அங்கே பலமுறை முயன்று தோற்ற மாட்டர்ஹார்ன் சிகரத்தின் (4,478 மீட்டர்) உச்சியை 1865 ஜூலை 14 பிற்பகலில் ஏழு பேர் குழுவோடு தொட்டார்.

மூன்று ரகக் கயிறு கொண்டுபோயிருந்தார்கள்: மணிலாக் கயிறு 200 அடி, அதைவிடத் தடித்தது 150 அடி, மெலிந்த பழைய ரகம் 200 அடிக்கு மேல். மெலிந்தது ஆளைக் கட்ட அல்ல; பாறையில் கட்டி விட்டுவர நேர்ந்தால் உதவும் என்று எடுத்தது.

எழுவரும் ஒருவரோடொருவர் கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்கும்போது முதலில் வழிகாட்டி மிஷேல் க்ரோ. அடுத்து ஹேடோ; 19 வயது, அனுபவமில்லாத பையன். பிறகு மலையேறிகள் ஹட்சன், டக்ளஸ், இன்னொரு வழிகாட்டியான மூத்த டாக்வால்டர், கடைசியில் விம்பரும் டாக்வால்டரின் மகனும். க்ரோ கோடரியைக் கீழே வைத்துவிட்டு, ஹேடோவின் கால்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாறையில் வைத்தார். தான் இறங்கத் திரும்பியபோது ஹேடோ வழுக்கி அவர்மேல் விழுந்தான். ஹட்சனும் டக்ளஸும் இழுபட்டுப் போனார்கள். விம்பருக்கும் மூத்த டாக்வால்டருக்கும் நடுவே கயிறு தொய்வில்லாமல் இருந்ததால், அந்த வெட்டிழுப்பை இருவரும் ஒரே ஆள்போலத் தாங்கினார்கள். டக்ளஸுக்கும் டாக்வால்டருக்கும் நடுவே அறுந்தது. அங்கே கட்டியிருந்தது அந்த மெலிந்த கயிறு. நால்வரும் சுமார் 1,200 மீட்டர் கீழே பனியாற்றில் விழுந்தார்கள். டக்ளஸின் உடல் கிடைக்கவே இல்லை.

டாக்வால்டர் கயிற்றை வெட்டிவிட்டார் என்று ஊர் பேசியது. விசாரணை அவரை விடுவித்தது. தடித்த கயிறாக இருந்தால் நால்வரும் பிழைத்திருப்பார்களா, எழுவரும் போயிருப்பார்களா என்பது தீராத வாதம். என் கணக்கில் பெரிய தப்பு வேறு: இடரான இடத்தில் பாறையோடு கூடுதலாக ஒரு கயிறு கட்டலாம் என்று விம்பர் சொல்லியும் அதைச் செய்யாமல் விட்டதுதான்.

மலையேற்றக் கயிறு விழும்போது நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பந்தல் கயிறு அதற்கென்று செய்ததல்ல. அதிர்ச்சி முழுக்க முடிச்சுக்கும் இடுப்புக்கும் போகும். முடிச்சு விழுந்த இடத்தில் எந்தக் கயிறும் வலு குறையும். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே கயிற்றைத் தொங்கவிடாதீர்கள். ஒருவர் நகரும்போது மற்றவர்கள் ஊன்றி நில்லுங்கள். புதிதாக வந்தவனுக்கு மேலே அனுபவசாலி இருக்கட்டும்.