நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

இலங்கையில் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவில் குதிரைகளைக் காண வேண்டுமென்றால் முதலில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். மாசி, பங்குனியில் அதற்கு ஒரு பதில், ஆடி, ஆவணியில் இன்னொரு பதில். பயணத் திட்டம் முழுவதும் அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

இவை ஆதியிலிருந்தே காட்டில் வாழ்ந்த குதிரைகள் அல்ல. போர்த்துக்கேயர் காலத்தில் வந்து, ஒல்லாந்தர் காலத்தில் பெருகி, ஆங்கிலேயர் ஆட்சியில் நோலன் என்ற படை அதிகாரியின் பொறுப்பில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை. வளர்ப்பு நின்ற பிறகு கட்டாக்காலியாகி, அதாவது உரிமையாளர் இல்லாமல் அலைந்து, இருநூறு வருடமாகத் தாமாகவே பிழைத்து வருகின்றன. கட்டையான உடம்பு, பெரும்பாலும் கபில நிறம். பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் கோடியக்கரையிலும் இப்படிக் கட்டாக்காலியான மட்டக்குதிரைகள் உண்டு. ஆனால் நெடுந்தீவு போல மரநிழல் குறைந்த, முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) பரந்த வெளியில் பிழைப்பது வேறு விதமான கஷ்டம். 2015இல் தீவின் தென்பகுதியில் 1,846 ஹெக்டேயர் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அது தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பொறுப்பு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் இருக்கிறது. ஆனால் குதிரைக்குப் பூங்காவின் எல்லை தெரியாது. புல்லும் தண்ணீரும் இருக்கிற பக்கம் அது போகும்.

தீவின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மேலே மண் மெல்லிய படைதான், ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புநீருக்கு மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறும். அதனால்தான் பல கிணறுகள் உவர்க்கின்றன, நல்ல தண்ணீருக்குச் சாராப்பிட்டி போன்ற சில இடங்களையே நம்ப வேண்டியிருக்கிறது. மழை ஓய்ந்து இரண்டு மூன்று மாதம் குளங்களிலும் பள்ளங்களிலும் தண்ணீர் நிற்கும். அப்போது குதிரைகள் சிறு சிறு கூட்டமாகப் பரந்து மேயும். வெயில் ஏற ஏற குளங்களும் பள்ளங்களும் வற்றும். பிறகு மிஞ்சுகிற குளத்தையும் கிணற்றடித் தொட்டியையும் சுற்றியே குதிரைகள் எல்லாம் நிற்கும். வெக்கையில் சிறிய குதிரைக்கும் நாளைக்கு 20 லீற்றருக்குக் குறையாமல் வேண்டும், பால் கொடுக்கும் தாய்க்கு இன்னும் அதிகம். வறட்சி கடுமையான வருடங்களில் குதிரைகள் சாவது இதனால்தான். வற்றிய குளத்தின் சேற்றில் காலைக் கொடுத்து எழும்ப மாட்டாமல் போவதும் உண்டு.

போக நல்ல காலம் மாசியும் பங்குனியும். புல் பச்சையாக இருக்கும், கடலும் அமைதி. வைகாசிக்குப் பிறகு சோழகம் என்ற தென்மேற்குக் காற்று பலமாக வீசும்போது படகு ஆடும், சில நாட்களில் ஓடாது. மாரியிலும் அப்படித்தான். ஆடி, ஆவணியில் குதிரைகளைத் தேட வேண்டியதில்லை, தண்ணீரடியில் நிற்கும். ஆனால் அப்போது போகிறவர் அவை மெலிந்து தவிக்கிற நேரத்தில் போகிறார் என்பதை மனதில் வைக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து 776 பஸ் பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்குப் போகும். ஒன்றரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். இறங்குதுறையில் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் அடுத்தடுத்து நிற்கும். நயினாதீவுக்குப் போகிற கூட்டம் பெரிது. அதற்குப் பின்னால் நின்று நெடுந்தீவுப் படகை விடுகிறவர்கள் பலர். நெடுந்தீவு ஓட்டம் சுமார் ஒரு மணித்தியாலம். ஏறும்போதே திரும்பும் படகின் நேரத்தைப் படகோட்டியிடம் கேளுங்கள். இணையத்தில் கிடக்கும் நேர அட்டவணையை நம்பிப் போய் இரவு அங்கேயே மாட்டிக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது.

ஒருநாள் பயணத்தில் இன்னொரு சிக்கல். காலைப் படகில் போய் பின்னேரப் படகில் திரும்பினால் கையில் கிடைப்பது உச்சி வெயில் மட்டுமே. குதிரை நன்றாக மேய்ந்து நடமாடுவது விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும். இயலுமானால் ஒரு இரவு தங்குங்கள், சிறிய விடுதிகள் இருக்கின்றன. தங்க முடியாவிட்டால் இறங்கியதும் நேரே தென்மேற்குப் புல்வெளிக்குப் போங்கள். தீவின் பழைய கோட்டையும் புறாக்கூடும் குடியிருப்புப் பக்கம்தான், திரும்பி வரும்போது பார்க்கலாம். அவை எங்கும் ஓடிவிடாது.

நெடுந்தீவு இறங்குதுறையில் ஓட்டோவும் பட்டா எனப்படும் சிறிய லொறியும் கிடைக்கும். ஏறுவதற்கு முன் இரண்டு விஷயம் பேசி முடியுங்கள்: குதிரை நிற்கிற இடத்தில் எவ்வளவு நேரம் காத்து நிற்பார், புல்வெளிக்குள் வண்டியை இறக்க மாட்டார். இரண்டாவது முக்கியம். படத்துக்காகக் குதிரையை வண்டியால் விரட்டி ஓட வைக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. வெக்கையில் ஓடிய குதிரை வியர்வையாக விடுகிற தண்ணீரைத் திரும்பக் குடிக்க அதற்குக் குளம் இல்லை. டயர் பட்ட மெல்லிய மண்ணில் புல் திரும்ப வரவும் நாளாகும்.

ஆள் ஒருவருக்கு 3 லீற்றர் தண்ணீர், தொப்பி, கூரான கல்லைத் தாங்கும் அடி தடித்த சப்பாத்து, சில்லறைக் காசு. படம் எடுப்பவர்களுக்கு 300 மில்லிமீற்றர் லென்ஸ். ட்ரோன் வேண்டாம், அந்த இரைச்சலில் கூட்டம் சிதறி குட்டி தாயை விட்டுப் பிரியும்.

சாதாரணமாக 30 மீற்றர் தள்ளி நில்லுங்கள், தண்ணீரடியில் 100 மீற்றர். ஒரு கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு ஆண், சில பெண் குதிரைகள், குட்டிகள். காதைப் பாருங்கள். உங்கள் பக்கம் நிமிர்ந்தால் உங்களைக் கவனிக்கிறது, பின்னால் மடிந்து கழுத்தோடு படிந்தால் கோபம். மேய்ச்சலை நிறுத்தித் தலை தூக்கினாலே நீங்கள் மிஞ்சி வந்துவிட்டீர்கள், இரண்டடி பின்வாங்குங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போக வேண்டாம். பின்பக்கமாக நெருங்க வேண்டவே வேண்டாம்.

பாண், பிஸ்கட், பழத்தோல் எதுவும் கொடுக்காதீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒத்துக்கொள்ளாத தீனி குடலுக்குள் புளித்து வாயுவாகி வயிற்றுவலியில் கொல்லும். தீனி தந்து பழக்கினால் அது வீதிக்கும் வரும். முருகைக்கல் வேலிகளில் ஏறாதீர்கள், சாந்தில்லாமல் அடுக்கிய கல் சரியும்.

போகும் வழியில் கிணற்றடித் தொட்டி வறண்டு கிடந்தால், அந்த வீட்டாரிடமோ பக்கத்தில் நிற்பவரிடமோ கேட்டு, அங்குள்ள வாளியாலேயே இறைத்து நிரப்புங்கள். நிரப்பியதும் அங்கேயே கமராவோடு காத்திருக்காமல் வண்டியில் ஏறிவிடுங்கள். நீங்கள் நிற்கும் வரைக்கும் அவை வந்து குடிக்காது.