பால்கனியில் தேவதை தொங்குவாள் என்று பார்த்தால் சித்தி மகன் வந்தான்

சித்தி வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி. அதில் இரண்டரை நிமிஷம் ஊரில் மழை இல்லாதது, மாமாவின் மூட்டுவலி, கோயில் வரி. கடைசிப் பத்து விநாடியில்தான் விஷயம். "தம்பி ஏப்ரல்ல டோக்கியோ வர்றான்பா, பாஷை படிக்க. ரூம் கிடைக்கிற வரைக்கும் உங்கூட இருக்கட்டும். ஒரு வாரந்தான்."

நான் இருப்பது எடோகாவா வார்டில் நிஷி-கசாய். கறிவேப்பிலை நடந்து போய் வாங்கலாம், தமிழில் திட்டினால் ரோட்டில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், அப்படி ஒரு ஏரியா. வீடு என்றால் ஆறு ததாமி பாய் அளவில் ஒரு அறை, ஊர்க் கணக்கில் பத்துக்குப் பத்து. வாசலுக்கும் அறைக்கும் நடுவில் ஒற்றை அடுப்பு. பிளாஸ்டிக்கில் வார்த்தெடுத்த மாதிரி ஒரு குளியலறை. வாடகை ஒப்பந்தத்தில் 'குடியிருப்பவர்: ஒருவர்' என்று தெளிவாகப் போட்டிருக்கிறது.

இருந்தும் சரி என்று சொன்னதற்கு அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன்தான் காரணம். காலேஜ் ஹாஸ்டலில் ராத்திரி ராத்திரியாக அதைப் பார்த்துத்தான் எனக்கு ஜப்பான் கிறுக்கே பிடித்தது. அதில் ஒரு வகைக் கதை உண்டு. நாயகன் ஒன்றுக்கும் உதவாத பையன், கையில் காசு இருக்காது. திடீரென்று வானத்திலிருந்தோ கண்ணாடிக்குள்ளிருந்தோ ஓர் அழகி வந்து குதிப்பாள், அப்புறம் போகவே மாட்டாள். அவன் வீட்டில் தின்று, அவன் வீட்டில் தூங்கி, அவன் வீட்டுக் கூரையையே பிய்த்துப் போடுவாள். பார்க்கிற நமக்கோ 'நம்ம வீட்டுக்கு ஒருத்தி வரமாட்டாளா' என்றிருக்கும்.

இந்த வம்சத்தின் மூத்த மருமகள் 'உருசெய் யாட்சுரா'வின் வேற்றுகிரகப் பெண் லம். ருமிகோ தகாஹாஷி 1978-ல் மங்கா என்கிற ஜப்பான் காமிக்ஸாக ஆரம்பித்தது, 1981-ல் டிவிக்கு வந்தது. பூமியைக் காப்பாற்ற நாயகன் அதாரு பத்து நாள் அவளைத் துரத்தி, கொம்பைப் பிடித்து ஜெயிக்க வேண்டும். ஜெயித்த குஷியில் 'இனிமே கல்யாணம்தான்' என்று தன் காதலியை நினைத்துக் கத்துவான். லம் அது தனக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டு, புலித்தோல் நீச்சலுடையோடு அவன் வீட்டிலேயே டேரா போட்டுவிடுவாள். இதே தகாஹாஷியின் 'ரன்மா ½'-இல் அப்பனும் பிள்ளையும் சேர்ந்து வருவார்கள். டோக்கியோ நெரிமாவில் டென்டோ குடும்பத்தின் தோஜோவில், அதாவது சண்டைப் பயிற்சிக்கூடத்தில், மாசக்கணக்கில் சாப்பாடு. அப்பன்காரர் மேல் பச்சைத் தண்ணீர் பட்டால் பாண்டாவாக மாறிவிடுவார். சங்கடமான கேள்வி வரும்போதெல்லாம் பாண்டாவாக உட்கார்ந்து மூங்கில் தின்பார். பாண்டாவிடம் போய் யார் வாடகை கேட்பது?

ஜப்பான்காரர்கள் இப்படி ஒட்டிக்கொள்கிற ஆளை 'இசோரோ' என்பார்கள். எடோ காலத்திலிருந்தே, அதாவது சாமுராய்கள் ஆண்ட நாளிலிருந்தே, இவர்களை வைத்துக் குட்டிக் கவிதை எழுதிச் சிரித்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த ஒன்று: இசோரோ மூன்றாவது கிண்ணத்தை மெதுவாக நீட்டுவான். அவ்வளவுதான் கவிதை. முதல் இரண்டு கிண்ணம் சோறு கூச்சமில்லாமல் கேட்டாயிற்று, மூன்றாவதுக்கு மட்டும் கை கொஞ்சம் தயங்குகிறது.

நம்ம ஆள் வந்து இறங்கியதும் கவிதை பொய்த்துப்போனது.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பையன் அழகன். பொறாமையில்லாமல் சொல்லப் பார்க்கிறேன், முடியவில்லை. ஆறடி, சுருட்டை முடி, சிரித்தால் கன்னத்தில் குழி. இமிக்ரேஷன் வரிசையில் பதினாறு மணி நேரத் தூக்கக் கலக்கத்தோடு நின்றிருந்தவன், வெளியே வரும்போது விளம்பரப் படம் முடித்துவிட்டு வருகிறவன் மாதிரி வந்தான். "அண்ணே!" என்று கட்டிப்பிடித்தான். இரண்டு பெட்டியையும் என் கையில் கொடுத்தான்.

அன்று ராத்திரி சாப்பாடு. என் ரைஸ் குக்கர் மூன்று கோ கொள்ளும். ஒரு கோ என்பது 180 மில்லி, கிட்டத்தட்ட ஒரு ஆழாக்கு. எனக்கு ஒன்றரை கோ போட்டால் மறுநாள் மதியத்துக்கும் வரும். அன்றைக்குத் தம்பிக்காக மூன்று கோவும் போட்டேன். சாம்பாருக்கு ஒரு தட்டம். ரசத்துக்கு ஒரு தட்டம். அப்புறம் தயக்கமே இல்லாமல் தட்டை நீட்டி, "அண்ணே, மோருக்கு?"

நியாயமான கேள்வி. நம்ம ஊரில் மூன்றாவது கிண்ணம் யாசகம் இல்லை, உரிமை. மோருக்குச் சோறு கேட்கிறவனைப் பார்த்து முகம் சுளித்தால் பாட்டி மேலோகத்திலிருந்து இறங்கி வந்து கேட்பாள். எடோ கவிஞர் பாவம், அவருக்கு ரசம் தெரியாது. போட்டேன். ஜப்பான் அரிசி குழைந்து ஒட்டுகிற ஜாதி. சாம்பாருக்குச் சுமார்தான், தயிருக்கு அடித்துக்கொள்ள ஆளில்லை. நாலாவதும் போனது.

இது நடந்தது 2025 ஏப்ரல். அந்த வருஷம் இங்கே இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் ஐந்து கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டியிருந்தது, முந்தைய வருஷம் விற்றதைப்போல இரண்டு மடங்கு. அரிசி இருக்கும் தட்டுக்கு முன்னால் ஜனங்கள் நகைக்கடையில் நிற்பதுபோல் நின்றார்கள். நான் வாழ்க்கையில் முதல் தடவையாகக் குக்கரில் ஒட்டிய பருக்கையைச் சுரண்டித் தின்றேன். தம்பி ஃபோனில் அம்மாவிடம், "இங்க சோறு சூப்பரா இருக்குமா, அண்ணன் நல்லாப் பாத்துக்குறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த ஃபோனும் ஒரு தனிக் கதை. சித்தி சீரியல் பார்த்து முடித்து, பாத்திரம் கழுவிவிட்டுக் கூப்பிடும்போது ஊரில் ராத்திரி ஒன்பது. இங்கே பன்னிரண்டரை. வீடியோ காலில் குடும்பம் மொத்தமும் வரிசையாக வரும், நாய் உட்பட. மறுநாள் காலை ஏழரைக்குத் தோசாய் லைன் ரயிலில் சட்டினிபோல் நசுங்கிப் போகவேண்டியவன் நான். ஒரு நாள் தலையணையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்த் தொட்டிக்குள் படுத்தேன். முழங்காலை மடக்கினால் தலை குழாயில் இடித்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. 'தோஆரு மஜுட்சு நோ இண்டெக்ஸ்' என்று ஓர் அனிமே, 2008-ல் வந்தது. அதில் பால்கனிக் கம்பியில் காயப்போட்ட மெத்தை மாதிரி ஒரு கன்னிகாஸ்திரிப் பெண் தொங்கிக்கொண்டிருப்பாள். 'பசிக்குது' என்பாள். அந்த வீட்டு ஹைஸ்கூல் பையன் சேர்த்துக்கொள்வான். அப்புறம் அவளுக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு இவன் தினமும் குளியல் தொட்டியில்தான் தூங்குவான். ஹாஸ்டலில் பார்த்தபோது என்ன ஒரு பண்பாளன் என்று நினைத்தேன். தொட்டியில் படுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது, அவனுக்கு இடுப்பு என்ன பாடுபட்டிருக்கும்!

ஒரு வாரம் இரண்டு வாரமாகி மே மாசமும் வந்தது. அவன்மேல் முழுத் தப்பும் சொல்ல முடியாது. டோக்கியோவில் ரூம் எடுக்க ஷிகிகின் என்று அட்வான்ஸ், ரெய்கின் என்று வீட்டுக்காரருக்குத் திரும்பி வராத நன்றிப்பணம், தரகர் கமிஷன், உத்தரவாதக் கம்பெனிக் கட்டணம், எல்லாம் கூட்டினால் நாலைந்து மாச வாடகை முதலிலேயே வைக்க வேண்டும். மாணவர் விசாவில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். கொன்பினி என்கிற 24 மணி நேரக் கடை ஒன்றில் சேர்ந்திருந்தான். முதல் சம்பளம் வந்த அன்று எனக்கு ஓர் ஓனிகிரி, அதாவது சோற்று உருண்டை, வாங்கி வந்தான். சால்மன் வைத்தது. நான் சைவம்.

எனக்கு உள்ளுக்குள் இருந்த பயம் வேறு. 'ஓ மை காடஸ்' அனிமேயில் கெய்ச்சி என்ற காலேஜ் பையன் ஹோட்டலுக்குப் போன் போட்டு சாப்பாடு சொல்லப் போய், ராங் நம்பர் தேவலோகத்துக்கு விழுந்து, பெல்டான்டி தேவதை வந்து நிற்பாள். உடனே ஆண்கள் ஹாஸ்டலில் இருந்து இரண்டு பேரையும் வெளியே தள்ளிவிடுவார்கள். அப்புறம் கோயிலில் தஞ்சம், பின்னாலேயே அக்கா உர்ட், தங்கை ஸ்குல்ட். என் வீட்டுக்கு நேர் கீழே ஒரு பாட்டி இருக்கிறார். ஏழு வருஷத்தில் என்னிடம் பேசியது இரண்டே வாக்கியம்: "இன்று குளிர்", "இன்று வெயில்". எரியும் குப்பைக்கு வாரம் இரண்டு நாள், அதில் பாட்டில் மூடி ஒன்று தவறி விழுந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஒருவர் வீட்டில் இரண்டு பேர் குப்பை வருவது அவருக்குத் தெரியாதா? மேனேஜ்மென்ட் கம்பெனிக்கு ஒரு போன் போதும்.

பத்தாவது நாளே தம்பி ஒரு மூங்கில் குருத்தோடு படியேறி வந்திருந்தான். குழந்தை சைஸில், மண்ணோடு. "கீழ்வீட்டுப் பாட்டி குடுத்துச்சுண்ணே. எதோ 'இகேமென், இகேமென்'னுச்சு. அப்படின்னா என்னண்ணே?"

அழகான பையன் என்று அர்த்தம். நான் சொல்லவில்லை.

மூங்கில் குருத்தைத் தவிடு போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைத்தால்தான் காறல் போகும். ஒற்றை அடுப்பின் முன்னால் நின்று வேகவைத்தது நான். தேங்காய்ப்பால் ஊற்றிக் குழம்பு வைத்ததும் நான். அதைப் படம் எடுத்துப் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டியது அவன். இரண்டு நாள் கழித்துப் பாட்டி என்னை நிறுத்தி, ஏழு வருஷத்தில் மூன்றாவது வாக்கியத்தைச் சொன்னார்: "உங்கள் தம்பி நன்றாகச் சமைக்கிறான்."

நானும் கேட்டுப் பார்க்கத்தான் செய்தேன். "தம்பி, ரூம் ஏதாவது பாத்தியா?" உடனே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, "அண்ணே, கான்ஜி எழுத்து டெஸ்ட்டு" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிவிடுவான். முதுகைப் பார்த்தால் சாட்சாத் பாண்டாதான்.

டெஸ்டுக்காக அவன் செய்திகள் படிப்பான், புரியாததை நான் சொல்லித்தர வேண்டும். மே மாசம் விவசாய மந்திரி தாகு எட்டோ ஒரு கூட்டத்தில், தான் அரிசி வாங்கினதே இல்லை, ஆதரவாளர்கள் கொடுப்பது விற்கிற அளவுக்கு வீட்டில் கிடக்கிறது என்று பேசிவைத்தார். நாடே கொதித்தது, பதவி போனது. தம்பி எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"இதுக்குப் போயாண்ணே வேலைய விட்டுத் தூக்குனாங்க? நானும்தான் அரிசி வாங்குனதில்ல."

பக்கத்தில் கரண்டி இல்லை. இருந்திருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

அடுத்து வந்த மந்திரி கொய்சுமி, அரசாங்கக் கையிருப்பு அரிசியை ஐந்து கிலோ 2,000 யென் கணக்கில் கடைகளுக்கு இறக்கினார். கடை திறக்கும் முன்பே வரிசை, ஆளுக்கு ஒரு பை. எனக்கு ஆபீஸ். தம்பி பாட்டியோடு விடியற்காலையில் போய் நின்றிருக்கிறான். பாட்டிக்கு முட்டி வலி, உட்கார மடக்கு ஸ்டூல் தூக்கிப் போனதும் அவன்தான். சாயந்திரம் வந்தால் கதவருகே இரண்டு பை. "ஒண்ணு என்னுது. ஒண்ணு பாட்டி குடுத்துச்சு. தனியா இருக்கேன், எனக்கு எதுக்குன்னுச்சு."

பத்து கிலோ. பழைய அரிசிதான், ஆனாலும் அரிசி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று நானே கூப்பிட்டு நாலாவது தட்டம் போட்டேன். பதினோரு நாளில் ஒரு பை தீர்ந்தது.

ஜூன் கடைசியில் நாலாவது மாடியில், லிஃப்ட் இல்லாத ஒரு ரூம் கிடைத்தது. அவசரத் தொடர்பு எண் என்னுடையது. அட்வான்ஸில் பாதியும் என்னுடையது. பெட்டிகளோடு என் ரைஸ் குக்கரும் போனது, "புதுசு வாங்குற வரைக்கும்ணே." கீழ்வீட்டுப் பாட்டி வெள்ளரிக்காய் ஒரு பை கொண்டுவந்தார். வாங்கக் கை நீட்டினேன். "தம்பி வந்தால் கொடுங்கள்" என்றார்.

குக்கர் இல்லாமல் ஒரு வாரம் பிரெட் தின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளரிக்காயைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறினேன். பரவாயில்லை, சமைத்து வைத்திருந்தான். சாம்பாரில் புளி கூடுதல், ஆனால் பசிக்கு அமிர்தம். ரசமும் வைத்திருந்தான். இரண்டையும் முடித்துவிட்டுத் தட்டைக் கொஞ்சம், மெதுவாகத்தான், நீட்டினேன்.

அவன் குக்கர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அண்ணே, அரிசி என்ன விலை விக்குதுன்னு தெரியுமா?"