பசு பேசுகிற ஒரு கவிதைப் புத்தகம்

தர்மபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனவர்களுக்கு அந்த நடுகற்களைத் தெரிந்திருக்கும். கையில் வில்லோடு ஒரு வீரன், உடம்பில் தைத்த அம்புகள், மேலே வட்டெழுத்தில் அவன் பெயர், ஊர், எந்த மன்னன் காலம், கடைசியில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்று ஒரு வரி, அதாவது மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தான் என்று. கால்மாட்டில் சின்னதாக ஒன்றிரண்டு மாடுகளும் சில கல்லில் இருக்கும். அவன் செத்ததே அந்த மாடுகளுக்காகத்தான், ஆனால் அவற்றைப் பற்றிக் கல்லில் வேறு பேச்சே கிடையாது. வெட்சி, கரந்தை என்று திணை வகுத்துப் பாடிய நம் புலவர்களும் கவர்ந்தவனையும் மீட்டவனையும்தான் பாடினார்கள்.

இதை இப்போது சொல்லக் காரணம் 'கவ்' (Cow, பசு) என்கிற ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு. எழுதியவர் சூசன் ஹாதார்ன், ஆஸ்திரேலியாக்காரர். 2009-இல் சென்னையில் வந்து தங்கியிருந்தார், அங்கே கிடைத்த அனுபவத்திலிருந்து வளர்ந்த கவிதைகள் 2011-இல் புத்தகமாயின. குவீனி என்ற பசுதான் இதில் நடுநாயகம். தெருவில் நடக்கிறது, அசை போடுகிறது, உலகம் உண்டானதிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்ட தோரணையில் பேசுகிறது. படிக்கப் படிக்க எனக்குத் தலைவி கூற்று, தோழி கூற்று என்று பள்ளியில் படித்த அகப்பாடல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன, அந்த இடத்தில் ஒரு பசுவை நிறுத்திப் பேசவிட்டால் எப்படியிருக்கும், அப்படி. சில கவிதைகளில் புராணச் சங்கதிகள் கொஞ்சம் அதிகமாகவே குவிந்துவிடுகின்றன, அங்கே மெதுவாகத்தான் போக முடிகிறது. ஆனால் பசுவைக் கும்பிடவும் இல்லாமல், பால் கணக்குப் பார்க்கவும் இல்லாமல், அதுவும் நினைப்பும் கருத்தும் உள்ள ஒரு பிறவி என்று எடுத்துக்கொண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எங்கள் பாட்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது வீட்டுக் கதை முழுக்க அதனிடம்தான் சொல்வார், அது காதை ஆட்டினால் "பாரு, அதுக்கே தெரியுது" என்பார். அவருக்கு இந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டியிருந்தால் இதில் என்ன அதிசயம் என்று கேட்டிருப்பார்.

இதை வெளியிட்டது ஸ்பினிஃபெக்ஸ் பிரஸ். 1991-இல் மெல்போர்னில் சூசன் ஹாதார்னும் ரெனாட்டே கிளைனும் சேர்ந்து ஆரம்பித்த சின்னப் பெண்ணியப் பதிப்பகம். அதற்கு முன்பு ஹாதார்ன் பெங்குவினில் வேலை பார்த்தவர், பெரிய பதிப்பகம் எப்படி நடக்கும் என்பதை உள்ளே இருந்து பார்த்திருக்கிறார். 2014-இல் 'பிப்லியோடைவர்சிட்டி' என்று சின்னதாக ஒரு கட்டுரை நூலும் எழுதினார். காட்டிலும் வயலிலும் பல வகை உயிர்கள் இருந்தால்தான் மண் நலமாக இருக்கும், புத்தக உலகமும் அப்படித்தான், நாலைந்து பெரிய நிறுவனங்கள் ஒரே மாதிரிப் புத்தகங்களைக் கொட்டினால் மற்றக் குரல்களுக்கு இடமில்லாமல் போகும் என்கிறார். நம் ஆலம்பாடி மாட்டுக்கு நடந்ததும் இதேதான். பென்னாகரம் பக்கத்துக் காவிரிக்கரை மாடு, உழவுக்கும் வண்டிக்கும் அசராதது, பால் மட்டும் கம்மி. டிராக்டர் வந்தது, லிட்டர் கணக்கில் கறக்கும் கலப்பினம் வந்தது, அவ்வளவுதான், இப்போது தேடிப் போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கவிதைப் புத்தகமும் பால் கம்மியான மாடுதான், அதைப் பிடிவாதமாக வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் இந்த மாதிரிச் சின்னப் பதிப்பகங்கள்தான்.

அப்புறம் ரெனாட்டே கிளைன் வாடகைத் தாய் முறையை எதிர்த்து 2017-இல் எழுதிய புத்தகமும் இவர்கள் போட்டதுதான். அது மனித உரிமை மீறல் என்று சுற்றி வளைக்காமல் சொல்கிறார். இங்கே காசுக்கு வாடகைத் தாயாக இருப்பதைத் தடுக்கும் சட்டம் 2021-இல்தான் வந்தது. வேண்டாம் என்று விடப்படும் பெண் குழந்தைகளை அரசு வாங்கிக் காப்பாற்றும் தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட மாவட்டம் நம் தர்மபுரி, பெண் உடம்பு யாருக்குச் சொந்தம் என்கிற கேள்வியை நாம் ஆஸ்திரேலியாக்காரர்களுக்கு விட்டுவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது.

அச்சுப் புத்தகத்தை அங்கிருந்து வரவழைத்தால் தபால் செலவே எகிறிவிடும், மின்னூலாக வாங்குங்கள். கவிதை ஒத்துவராது என்பவர்கள் 'பிப்லியோடைவர்சிட்டி'யில் தொடங்கலாம். 'கவ்' தொகுப்பிலிருந்து பத்துக் கவிதையாவது தமிழில் வந்தால் நன்றாக இருக்கும், மாடு வளர்க்கிற வீட்டில் பிறந்த யாராவது செய்தால் இன்னும் நல்லது.