ஃபவுல் பலகையில் பிறப்பதில்லை

நீளம் தாண்டுதல் பயிற்சியாளர், வீரர் காலை ஊன்றித் தாண்டும் பலகைக்கு நேராக நின்றால் பாதிதான் தெரியும். இன்னொரு குறி, அதாவது நடுக்குறி வேண்டும்: பலகைக்கு 4 அல்லது 6 அடி (ஓட்ட அடி, அளவு அடி அல்ல) முன்னால், ஓடுபாதையின் ஓரத்தில்.

கல்லூரி அளவில் ஓட்டம் பெரும்பாலும் 16 முதல் 20 அடி வரை. வீரர் பலகையை 10 செ.மீ. தாண்டி மிதித்தால் (இதுதான் ஃபவுல்) உடனே தொடக்கக் குறியைப் பின்னால் தள்ளாதீர்கள். நடுக்குறியிலும் அதே 10 செ.மீ. கூடுதலாக வந்திருந்தால் மட்டும் தள்ளுங்கள். அப்போது பிழை தொடக்கத்தில்தான், பெரும்பாலும் முதல் இரண்டு அடியின் வேகம் ஒவ்வொரு முறையும் மாறுவதால் வருவது. நடந்து வந்து ஓடத் தொடங்குபவர்களிடம் இது இன்னும் அதிகம்.

நடுக்குறி சரி, பலகையில் மட்டும் ஃபவுல் என்றால் கடைசி அடிகளைப் பலகையைத் தேடி நீட்டுகிறார். அங்கே டேப்பால் அளந்து தொடக்கக் குறியை நகர்த்துவது உதவாது. கடைசிக்கு முந்தைய அடி சற்று நீளம், கடைசி அடி குட்டை. இந்தத் தாளத்தை 6 அடி ஓட்டத்தில் பழக்கிவிட்டு முழு ஓட்டத்துக்கு வாருங்கள்.

எதிர்க்காற்று என்றால் தொடக்கக் குறி முன்னால் நகரும். எவ்வளவு என்பதைச் சோதனை ஓட்டமே சொல்லும். ஒவ்வொரு வீரருக்கும் தனி நோட்டு வையுங்கள்.