ஞா ட்ராங்கில் ஐந்தாம் ஐயாவின் தடம்: மாணவர் குழுக்களுக்கு ஒரு வழித்துணை

வியட்நாமின் தென்மத்தியக் கடற்கரையில் உள்ள ஞா ட்ராங் நகரத்துக்கு மாணவர்களாகக் குழு சேர்ந்து வருபவர்கள் மனத்தில் ஒரு பெயர் இருக்கும்: அலெக்ஸாந்தர் யெர்சின். பிளேக் கிருமியைக் கண்டறிந்தவர். பாடப்புத்தகத்தில் அவருக்கு இரண்டு வரி. இந்த ஊரில் அவருக்கு வேறு பெயர். ‘ஓங் நம்’ என்பார்கள். ‘ஓங்’ என்றால் ஐயா அல்லது தாத்தா, ‘நம்’ என்றால் ஐந்து. ராணுவ மருத்துவச் சீருடையில் இருந்த ஐந்து பட்டைகளை வைத்து மீனவர்கள் இட்ட பெயர் என்பது ஊர் வழக்கு. வியட்நாமின் தெற்கில் ஒருவரை எண் சொல்லி அழைப்பது வீட்டுப் பிள்ளைகளை அழைக்கும் முறை. ஆகவே அந்தப் பெயரில் மரியாதையோடு உரிமையும் இருக்கிறது.

பிரெஞ்சு ஆட்சி போனபின் சாலைப் பெயர்கள் எல்லாம் மாறின. பாஸ்தர், கால்மெத், யெர்சின் போன்ற சில ஆய்வாளர்களின் பெயர்களை மட்டும் மக்கள் விட்டுவைத்தார்கள். 2014-இல் வியட்நாம் அரசு, இறந்து 71 ஆண்டுகள் கழித்து அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. ஏன் என்பதுதான் இங்கே வருகிற மாணவர் தேட வேண்டிய விடை. அருங்காட்சியகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதி விடைதான் கிடைக்கும். என் கணக்கில் இரண்டு முழு நாட்கள் வேண்டும், அதுவும் வார நாட்கள்.

பெரும்பாலான குழுக்கள் தவறுவது இங்கேதான். சனி, ஞாயிறு பார்த்து டிக்கெட் போட்டுவிட்டு வந்து பூட்டிய வாசலைப் பார்க்கிறார்கள். யெர்சின் அருங்காட்சியகம் இருப்பது கடற்கரையை ஒட்டிய ட்ரான் ஃபூ சாலையில், பாஸ்தர் நிறுவன வளாகத்துக்குள். அது இன்றும் இயங்கும் ஆய்வுக்கூடம். அலுவலக நேரம்தான் அருங்காட்சியக நேரமும். மதியம் நீண்ட இடைவேளை விடுவார்கள், 11 மணிக்கு மேல் உள்ளே போவது வீண். காலையில் திறந்த உடனே போய்விடுங்கள். பத்துப் பேருக்கு மேல் என்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது, அறை சிறியது. ஆய்வுக்கூடக் கட்டடங்களைப் படம் எடுக்க வேண்டாம்.

உள்ளே தொலைநோக்கி, நுண்ணோக்கி, காற்றழுத்தமானி, ஒளிப்படக் கருவிகள், புத்தக அலமாரி, கடிதங்கள். கடிதங்களின் பக்கம் அதிக நேரம் ஒதுக்குங்கள். அம்மா ஃபானிக்கும் அக்கா எமிலிக்கும் அவர் எழுதியவை சுமார் 1,000. அப்பா இவர் பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்பே இறந்துவிட்டார். 1863 செப்டம்பர் 22-இல் சுவிட்சர்லாந்தின் ஓபோனில் பிறந்து, பின்னர் பிரெஞ்சுக் குடிமகனானவர் யெர்சின். நோயாளியிடம் காசு கேட்பது ‘பணமா உயிரா’ என்று கேட்பது போல இருக்கிறது என்று அம்மாவுக்கு எழுதியவரும் இவரே. மருத்துவராகத் தொழில் நடத்தப் பிடிக்காமல் 1890-இல் பாரிஸ் ஆய்வகத்தை விட்டுக் கப்பல் மருத்துவரானார். சைகோன்-மணிலா, பிறகு சைகோன்-ஹைபோங் வழித்தடம். அந்தக் கப்பல் பயணத்தில்தான் ஞா ட்ராங் விரிகுடாவைக் கண்டார், அதன்பின் அதை மறக்கவே இல்லை.

பிளேக் பரவிய ஹாங்காங்கில் அவர் கிருமியைக் கண்டறிந்த கதையை நுண்ணுயிரியல் மாணவர்களுக்குச் செய்முறையாகவே சொல்ல வேண்டும். 1894 ஜூன் 15-இல் யெர்சின் அங்கே வந்து சேர்ந்தார். அதே கிருமியைத் தேடிய ஜப்பானிய ஆய்வாளர் கிடசாடோ மூன்று நாள் முன்பே வந்து, மருத்துவமனையில் நல்ல வசதியோடு வேலையைத் தொடங்கியிருந்தார். யெர்சினுக்குப் பிணவறைக்குள் இடம் கிடைக்கவில்லை. வைக்கோல் வேய்ந்த ஒரு குடிசைதான் ஆய்வகம். இத்தாலியப் பாதிரியார் ஒருவரின் யோசனைப்படி, சடலங்களைப் புதைக்கக் காவலிருந்த மாலுமிகளின் கையில் காசு கொடுத்து உள்ளே போனார். தொடையிடுக்கில் வீங்கிய நெறிக்கட்டியை அறுத்து, அதன் கூழை எடுத்தார். ஒரு துளியை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார், மீதியைக் கிருமி வளர்க்கும் ஊடகத்தில் தடவினார், எலிகளுக்கும் கினிப் பன்றிகளுக்கும் செலுத்தினார். இரு முனைகளும் உருண்ட, கிராம் சாயம் (கிருமிகளை வகைபிரிக்க ஏற்றும் சாயம்) ஏற்காத குட்டைக் கோல் வடிவக் கிருமிகள் கூட்டம் கூட்டமாகத் தெரிந்தன. தேதி ஜூன் 20.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. கிடசாடோ முதலில் இரத்தத்தைத் தேடினார், யெர்சின் நேராகக் கட்டியைத் தேடினார். கிருமி அடர்ந்து கிடப்பது கட்டியில். அடுத்தது வெப்பநிலை. கிடசாடோவிடம் 37 டிகிரியில் வைக்கும் அடைகாப்பான் இருந்தது. அந்த வெப்பத்தில் பிளேக் கிருமி மெதுவாக வளரும், நிமோனியாக் கிருமி போன்ற பிற கலப்புகள் முந்திக்கொள்ளும். யெர்சினிடம் அடைகாப்பான் இல்லை. ஹாங்காங் கோடையின் அறை வெப்பமே போதுமாயிற்று, பிளேக் கிருமிக்கு ஏற்றது ஏறத்தாழ 28 டிகிரி. வசதிக் குறைவு இங்கே வாய்ப்பாகிவிட்டது. செத்த எலிகளிலும் அதே கிருமியைப் பார்த்துப் பதிவு செய்தார். எலியிலிருந்து மனிதனுக்குத் தாவுவது தெள்ளுப்பூச்சி வழியாக என்பதை 1898-இல் கராச்சியில் பால்-லூயி சீமோன் காட்டினார். அதற்கு முன் ஆண்டு யெர்சினும் பம்பாய்க்கு வந்திருந்தார், பிளேக்கைக் குணப்படுத்தப் போடும் சீரம் என்ற ஊசிமருந்தோடு. அதற்கு முன் 1896-இல் சீனத்தின் அமோயில் 23 பேருக்குப் போட்டு 21 பேரைப் பிழைக்க வைத்த சீரம், பம்பாயில் எதிர்பார்த்த பலன் தரவில்லை. 1897 ஜனவரியில் ஹாஃப்கின் என்ற ஆய்வாளர் தன் பிளேக் தடுப்பூசியைத் தன் உடம்பிலேயே போட்டுச் சோதித்ததும் பம்பாயில்தான். நம் ஊர் மாணவர்கள் இந்த மூன்று பேரையும் ஒரே வரிசையில் வைத்துப் படித்தால் அந்தப் பம்பாய் ஆண்டுகள் தெளிவாகத் தெரியும்.

மதிய இடைவேளையில் சாப்பிட்டுவிட்டு மாலையில் காய் ஆற்று முகத்துவாரத்துக்குப் போங்கள். அங்கேதான் சோம் கோன் என்ற மீனவர் குப்பம் இருந்தது, யெர்சினின் வீடும் அங்கேதான். வீடு இப்போது இல்லை. ஆனால் நிற்கும் இடத்திலிருந்து ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, எதிர்க்கரைக் குன்றில் சாம் மக்கள் கட்டிய போ நகர் கோயில் கோபுரங்கள். பகவதியாகத் தொடங்கி இன்று வியட்நாமியர் தாயாக வணங்கும் தெய்வம் இருக்கும் இடம். பாலம் கடந்து ஏறிப் பார்த்துவிட்டு வரலாம், அது தனிக் கட்டுரைக்கான சங்கதி.

இந்தக் குப்பத்தில் அவர் என்ன செய்தார் என்பதுதான் ‘ஓங் நம்’ என்ற பெயரின் அடிப்படை. காற்றழுத்தமானி சட்டென்று இறங்கினால் புயல் வருகிறது என்று பொருள். அவர் அதைப் பார்த்து, கடலுக்குப் போகாதே என்று மீனவர்களை எச்சரிப்பார். புயல் வந்தால் தன் உறுதியான வீட்டைத் திறந்து விடுவார், குடும்பங்கள் உள்ளே வந்து ஒடுங்கும். மருந்துக்குக் காசு வாங்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் படம் காட்டினார். கடைசி மாதங்களில் கூட கடலின் ஏற்றவற்றத்தை அளந்து குறித்துக்கொண்டிருந்தார். 1943 மார்ச் 1-இல், 79 வயதில், அந்த வீட்டிலேயே இறந்தார்.

இரண்டாம் நாள் மலை. இங்கேதான் கவனம் வேண்டும். ஹொன் பா மலை, 1,500 மீட்டருக்கு மேல், நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை 1-இல் தெற்கே போய்ப் பிரிந்து, பிறகு வளைவு மேல் வளைவாக ஏறும் சாலை. காலை 6 மணிக்குக் கிளம்பினால் 8 மணி வாக்கில் மேலே. பிற்பகலில் மூடுபனி இறங்கிவிடும், எதிரே வரும் வண்டி தெரியாது. ஆகவே மதியத்துக்குள் இறங்கத் தொடங்குவது என்று முடிவு செய்துகொண்டே ஏறுங்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை இந்தப் பக்கம் மழைக்காலம். மண் சரிந்து சாலை அடைபடும், அந்த மாதங்களில் இந்த மலையை விட்டுவிடுங்கள். பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை சரியான பருவம். அட்டைப்பூச்சிக்கு நீண்ட காலுறை, சின்ன உப்புப் பொட்டலம். கீழே 33 டிகிரி என்றாலும் மேலே ஸ்வெட்டர் வேண்டும்.

இரு சக்கர வண்டியில் போக நினைக்கும் மாணவர்களுக்கு இரண்டு விஷயம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இறக்கத்தில் என்ஜின் பிடிப்பு குறைவு. முழுப் பாரமும் பிரேக்கில் விழும், தொடர்ந்து பிடித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு போய்விடும். கியர் வண்டி எடுங்கள், இரண்டாவது கியரில் இறங்குங்கள், நெடுஞ்சாலையை விட்டுப் பிரியும் முன்பே பெட்ரோல் நிரப்புங்கள். அடுத்தது உரிமம். வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கையின் கீழ் தந்த பன்னாட்டு உரிமத்தை மட்டும்தான். உங்கள் கையில் இருப்பதில் 1949 என்று அச்சிட்டிருந்தால் அது செல்லாது, விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைவிட்டுவிடும். ஐந்தாறு பேராகச் சேர்ந்து ஓட்டுநரோடு வண்டி பிடிப்பதே அறிவு.

மேலே அவர் வாழ்ந்த மரவீட்டைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். இங்கே அவர் ஏறி வந்தது காட்சி பார்க்க அல்ல, சின்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைக்கும் மலேரியா மருந்தான கொய்னாவுக்காக. முதல் உலகப் போரில் கொய்னா வரத்து தடைபட்டபோது, மலேரியா மிகுந்த இந்த நாட்டிலேயே சின்கோனா மரத்தை வளர்த்துவிட வேண்டும் என்று முயன்றார். தாழ்வான இடம் ஒத்துவராது, அதனால் குளிர்ந்த உயரம் தேடினார். இந்த மலையிலும் எதிர்பார்த்த அளவுக்குச் சரிப்படவில்லை. பிறகு டா லாட் பக்கம் ட்ரான், டி லின் பகுதிகளுக்கு மாற்றினார், அங்கே பயிர் நின்றது. நீலகிரியில் நடுவட்டம், ஆனைமலையில் சின்கோனா என்ற பெயரையே தாங்கி நிற்கும் ஊர் ஆகியவற்றை அறிந்தவர்களுக்கு இந்த மலைத் தேர்வின் காரணம் உடனே புரியும். பட்டைக்காக வளர்க்கும் மரம் இது, குளிரும் ஈரமும் வடிகால் உள்ள சரிவும் இல்லாமல் பட்டையில் மருந்துச் சத்து ஏறாது.

ஒரு விஷயத்தை மாணவர்கள் மறைக்காமல் பேச வேண்டும். யெர்சின் காலனி அரசின் ஊதியத்தில் இருந்தவர். 1893 ஜூன் 21-இல் அவர் எட்டிய லாங் பியாங் மேட்டுநிலத்தில்தான் பிறகு வெள்ளையருக்கான மலை நகரமாக டா லாட் எழுந்தது. சுவோய் தாவ் என்ற இடத்தில் அவர் வைத்திருந்த பண்ணை நிலமும் ஆட்சி தந்த சலுகை. அங்கே 1899-இல் ரப்பர் நட்டு, 1905-இல் டயர் செய்யும் மிஷ்லான் நிறுவனத்துக்கு ரப்பர் பால் விற்று, அந்தக் காசில் ஆய்வகத்தையும் கால்நடைகளுக்கான சீரத் தயாரிப்பையும் நடத்தினார். இதையும் சேர்த்துத்தான் அவரைப் படிக்க வேண்டும். இங்குள்ள மக்களுக்கு இது எல்லாம் தெரியும். தெரிந்தே அவரை வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மலையிலிருந்து இறங்கும் வழியில் அவர் சமாதி இருக்கும் சுவோய் தாவ். எழுத்தில் ‘தாவ்’ போலத் தெரிந்தாலும் தெற்கத்திக்காரர்கள் ‘யாவ்’ என்பார்கள், வழி கேட்கும்போது ‘சுவோய் யாவ்’ என்று கேளுங்கள். ஞா ட்ராங்கிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். நெடுஞ்சாலையிலிருந்து சிறு பாதையில் பிரிந்து போக வேண்டும். இரும்புக் கதவு சாத்தியிருந்தால் பக்கத்து வீடுகளில் கேளுங்கள், திரும்பிவிடாதீர்கள். பிற்பகல் 3-4 மணி வாக்கில் வெயில் தணிந்திருக்கும்.

சிறு குன்றின் மேல் வெளிர்நீலம் பூசிய சிமெண்ட் சமாதி. பெரிய கோபுரமோ சிலையோ இல்லை. முன்னால் ஊதுபத்தி நடும் கிண்ணம், சாம்பல் நிறைந்தது, சிவப்புக் குச்சிகள் அடர்ந்து நிற்கும். பெயரும் 1863-1943 என்ற ஆண்டுகளும் இருக்கின்றன. அருகே ஒரு சின்னக் கோயில் மாடம். அவரை அருளாளர், மனிதநேயர், வியட்நாம் மக்கள் வணங்குகிறவர் என்று குறிக்கும் வாசகம் உண்டு. பக்கத்து சுவோய் காட் பகுதியில் உள்ள லின் சோன் புத்த விகாரையில் அவர் படம் பீடத்தில் இருக்கிறது. பாஸ்தர் நிறுவனத்தில் உள்ள அவர் நூலகம், சமாதி, விகாரை மூன்றையும் 1990-இல் தேசிய நினைவிடமாக அறிவித்தார்கள். விகாரைக்குள் செருப்பைக் கழற்றுங்கள், முழங்கால் மூடிய உடை போடுங்கள். பீடத்துக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுக்க வேண்டாம்.

அவர் எழுதிவைத்த உயிலை மாணவர்கள் சமாதி முன் நின்று படிப்பது நல்லது. சுவோய் தாவில் புதைக்க வேண்டும், தன்னை அங்கிருந்து யாரும் கொண்டுபோக விடக்கூடாது, அடக்கம் எளிமையாக இருக்கட்டும், இரங்கல் உரை வேண்டாம், மிச்சமிருக்கும் உடைமை பாஸ்தர் நிறுவனத்துக்கும் நெடுநாள் உழைத்த பணியாளர்களுக்கும் என்பது அதன் சாரம். உரை வேண்டாம் என்றவர் சமாதியில் மாணவர் தலைவர் நீளமாகப் பேசுவது சரியில்லை. ஊதுபத்தி மூன்று ஏற்றி, சுடரைக் கையால் விசிறி அணைத்து (ஊதி அணைக்கக் கூடாது), மூன்று முறை தலை வணங்கிக் கிண்ணத்தில் நடுங்கள். ஊதுபத்தியை நெடுஞ்சாலையோரக் கடையிலேயே வாங்கி வாருங்கள், மேலே கடை கிடையாது.

மார்ச் 1 நினைவு நாள். அன்று ஊர்மக்களும் பாஸ்தர் நிறுவனத்தாரும் வருவார்கள். அந்த நாளில் போகும் குழு, பின்வரிசையில் நின்று அவர்கள் முடித்த பிறகு முன்னே போகட்டும்.